எடை போடுவதற்கு முன்னால்

(மட்டாஞ்சேரியில் நடந்த நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டங்களில் வழக்கமாக ஆன்மிகம் பேசுவார்கள். இல்லாவிட்டால் யாராவது ஒரு டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை பற்றிப் பேசுவார். இரண்டுக்கும் நான் லாயக்கில்லை. 'அந்தப் புல்லாங்குழல் சமாசாரத்தை எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள்' என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டதால் வந்து நிற்கிறேன். இதைப் பத்திரிகையிலும் போடப் போவதாகச் சொல்கிறார். ஆகவே மும்பையிலும் டில்லியிலும் நாகபுரியிலும் இருக்கிற அங்கத்தினர்களை உத்தேசித்து, இவ்வூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் சேர்த்தே சொல்வேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வாக்கியம். படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம், உத்தியோகம் எடை அளவு இலாகாவில், 1974 முதல் ஓய்வு பெறும் வரை. கடை கடையாகப் போய் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பதுதான் என் வேலை. சங்கீதம் கேட்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

வெளியூர்க்காரர்களுக்காக: மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்று ஒரு தெரு. அதன் கோடியில் 1568-ல் கட்டிய யூதர் கோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க மிளகு, சுக்கு, ஏலக்காய் மண்டிகள். இன்று பெரும்பாலும் பழம்பொருள் கடைகள். பழைய கதவு, உருளி, மணிக்கூண்டுக் கடிகாரம் என்று எதுவானாலும் அங்கே வாங்குவார்கள், விற்பார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் யாருக்காவது பணமுடை என்றால், பரணில் இருக்கிற பெட்டியை இறக்கித் துடைப்பது வழக்கமாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். பெயர் வேண்டாம். ஆத்துக்காரர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை புணேயில் சாதாரண உத்தியோகம். ஓட்டு வீடு. கூரைச் சட்டத்தில் இரண்டைச் செல் அரித்துவிட்டது. போன சித்திரையில் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணா, எடவப்பாதி மழைக்கு முன்னால கூரையைப் பார்த்தாகணும். இந்தக் குழலைக் கடையில குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க தராசு ஆபீஸ்ல இருந்தவர். எடை சரியா போடறானான்னு கூட வந்து பாருங்கோ, அது போறும்" என்றார்.

கறுப்புத் தோல் ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே சாயம் போன நீல வெல்வெட். அதில் மூன்று துண்டாகப் பிரித்து வைத்த ஒரு மேல்நாட்டுப் புல்லாங்குழல். நம் மூங்கில் குழல் இல்லை. உடம்பெல்லாம் சின்னச் சின்ன மூடிகள், கம்பிகள், விசைகள். மாமியின் மாமனார் ஃபோர்ட் கொச்சியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. 1950-களில் மானேஜர் துரை ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமனாருக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளை, அதாவது மாமியின் ஆத்துக்காரர், தானாகவே ஊதிப் பழகிக்கொண்டார். மூடிகள் பழுதாகி நின்றுபோய் முப்பது வருஷமாகிறது. அதற்கப்புறம் பெட்டி பூஜை அலமாரியில் கிருஷ்ணன் படத்துக்குக் கீழே இருந்தது.

கடைக்காரர் ஒருவர் முந்தின நாள் வந்து பார்த்து, 'எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், கறுத்திருப்பதால் கழிவு போக' என்று சொல்லியிருந்தார். பெங்களூரிலிருக்கும் மாமியின் மருமானோ கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, 'அத்தை, இந்த மாதிரிக் குழல் லட்சக்கணக்கில் போகிறது, விடாதே' என்று சொல்லியிருந்தான். ஒருவர் சொல்வது அடிமாட்டு விலை, இன்னொருவர் சொல்வது ஆகாசக் கோட்டை. நடுவில் மாமி.

நான் உடனே தராசை எடுத்திருக்க வேண்டியவன். எடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இதை என் வீட்டிலேயே எல்லாருக்கும் சொன்னதில்லை.

1984-ல் என் தகப்பனார் காலமானார். அவருடைய பூஜைச் செம்பு ஒன்று, வெள்ளி, விளிம்பு நெளிந்தது. காரியச் செலவுக்காக நானே எடுத்துப் போய் எடைக்குப் போட்டேன். தராசு சரியான தராசு. அதில் எனக்கு இணையாகச் சோதிக்கக்கூடியவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. மில்லிகிராம் பிசகாமல் பணம் வாங்கினேன். கண்ணெதிரிலேயே உருக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து என் அத்தை, 'செம்பு எங்கேடா?' என்று கேட்டாள். அடியில் கீறல் கீறலாக இருந்ததே, அது கீறல் இல்லை, பெயர் வெட்டு. கல்பாத்தியிலிருந்து எங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்த வருஷமும், அதைக் கொடுத்தனுப்பிய என் கொள்ளுப்பாட்டியின் பெயரும். அந்தப் பெயர் அதில் மட்டும்தான் இருந்தது. அத்தைக்கும் சரியாக ஞாபகமில்லை. இன்றுவரை எங்கள் வம்சாவளிக் காகிதத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

எடை சரியாக இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அதனால் மாமியிடம், "பத்து நாள் பொறுங்கோ. எடை கடைசியில் போடலாம். முதலில் பார்ப்போம்" என்றேன்.

பழைய வெள்ளிக் குழல் ஒன்றைப் பற்றி மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது எதனால் ஆனது? யார், எப்போது செய்தது? இன்றைக்கு வேலை செய்யுமா? மூன்றுக்கும் தனித்தனி விலை உண்டு. மூன்றையும் கலந்தால்தான் அடிமாட்டு விலையும் ஆகாசக் கோட்டையும் வருகின்றன.

முதல் கேள்வி, உலோகம். வெள்ளி நிறத்தில் இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறோமே ஜெர்மன் சில்வர் கிண்ணம், அதில் வெள்ளி குந்துமணியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. மேல்நாட்டுக் குழல்களில் ஏராளமானவை இந்த ஜெர்மன் சில்வரில் செய்து வெள்ளி முலாம் பூசியவை. சிலவற்றில் தலைப்பகுதி மட்டும் வெள்ளி, மற்றது முலாம். சிலவற்றில் குழாய் வெள்ளி, விசைகள் வேறு உலோகம்.

கண்ணால் பார்ப்பது முதல் சோதனை. முலாம் என்றால், உதடு படும் தட்டிலும் விரல் படும் இடத்திலும் தேய்ந்து லேசான மஞ்சள் தெரியும். கறுத்திருப்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி சல்ஃபைடு படிவதுதான் அந்தக் கறுப்பு. அது முலாமிலும் வரும், கட்டி வெள்ளியிலும் வரும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, உள்ளே இருக்கிற எஃகுக் கம்பிதான் ஒட்டும். உரைகல்லும் ஆசிட்டும் கூடவே கூடாது, தழும்பு போகாது. நகைக்கடைகளில் இப்போது எக்ஸ்ரே மீட்டர் இருக்கிறது. நல்ல கருவி, பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாமை வெள்ளி என்றே சொல்லிவிடக்கூடும். ஆகவே தேய்ந்த இடத்திலும் குழாயின் உள் விளிம்பிலும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த சோதனை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்தது, ஆர்க்கிமிடீஸ் சோதனை. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. ஸ்டெர்லிங் என்னும் 925 வெள்ளிக்குச் சுமார் 10.36. ஜெர்மன் சில்வருக்குச் சுமார் 8.7. முழுக் குழலையும் தண்ணீரில் போட முடியாது. ஒவ்வொரு மூடிக்குள்ளும் கம்பளித் துணியும் அதன்மேல் மெல்லிய குடல் சவ்வும் ஒட்டியிருக்கும், நனைந்தால் போயிற்று. (சவ்வு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மிருதங்கத்தை நாம் பூஜை செய்யவில்லையா?) தலைப்பகுதியில் விசை எதுவும் கிடையாது. அதன் முனையிலுள்ள தக்கையை மட்டும் விஷயம் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு எடுத்துவிட்டால் வெறும் குழாய்தான்.

கொதித்து ஆறிய தண்ணீர். காற்றுக்குமிழி ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு சோப்பு. காற்றில் எடை 98.4 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டபோது 88.9 கிராம். குறைந்தது 9.5. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10.36 வருகிறது. ஜெர்மன் சில்வராக இருந்தால் 11.3 கிராம் குறைந்திருக்க வேண்டும். ஆகவே வெள்ளிதான். ஆனால் இது 925-ஆ, 900-ஆ என்று இந்தச் சோதனை அடித்துச் சொல்லாது. பத்தில் ஒரு கிராம் தவறினால் விடை மாறிவிடும். எந்தச் சோதனையானாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்பது முப்பது வருஷ உத்தியோகம் கற்றுக்கொடுத்த பாடம்.

இன்னொன்று. குழல் முழுதும் 400 கிராமுக்குமேல் நின்றது. அத்தனையும் வெள்ளி என்று கணக்குப் போடக்கூடாது. எஃகு அச்சு, வில், தக்கை, கம்பளி எல்லாம் அதில் சேர்த்தி. 'மொத்த எடை பெருக்கல் இன்றைய ரேட்' என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் உருக்கியபின் ஏமாந்து போவார்கள்.

இரண்டாவது கேள்வி, யார், எப்போது. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். இன்றைய மேல்நாட்டுக் குழலை வடிவமைத்தவர் மியூனிக் நகரத்து தியோபால்ட் போம். 1794-ல் பிறந்தவர். தட்டார் குடும்பம், அவருக்கே அந்தத் தொழில் தெரியும், அதோடு அரசவைக் குழல் வித்வான். எந்தத் துளை எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்யாமல், ஒலிக் கணக்குப்படி முடிவு செய்து, விரல் எட்டாத இடத்துக்கு விசை வைத்தார். 1832-ல் ஒரு மாதிரி, 1847-ல் உருளைக் குழாய் மாதிரி. அந்த 1847-ஆம் வருஷத்து அமைப்புதான் சில்லறை மாறுதல்களோடு இன்றும் நடக்கிறது. பாரிஸில் லூயி லோ, லண்டனில் ரடால் கார்ட், பாஸ்டனில் ஹேய்ன்ஸ், பின்னால் பவல் என்று பெயர்பெற்ற பட்டறைகள் எல்லாம் அவர் வழி வந்தவை.

பெயர் எங்கே இருக்கும்? பெரும்பாலும் நடுப்பகுதியின் மேல்முனையில். நாங்கள் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை, மழமழவென்று இருந்தது. "மாமி, இதை எதைப் போட்டுத் தேய்ப்பேள்?" என்று கேட்டேன். "விபூதிதான் அண்ணா. வருஷா வருஷம் கோகுலாஷ்டமிக்குப் பளபளன்னு தேய்ச்சு வைப்பேன்" என்றார். பக்தியோடு முப்பது வருஷம் தேய்த்ததில் எழுத்து மங்கிவிட்டது. வெள்ளிப் பாத்திரத்துக்கு விபூதி நல்லதுதான். எழுத்து வெட்டிய இடத்துக்கும் விசை உள்ள சாமானுக்கும் ஆகாது. தூள் அச்சுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

பிறகு ஓர் உபாயம் செய்தோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டிப் படுக்கை வசமாகப் பிடித்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் முதலில் 'பெர்னர்ஸ் தெரு, லண்டன்' என்பது தெரிந்தது. அதற்குமேல் 'ரடால் கார்ட்' என்ற பெயர். கீழே ஓர் எண், கடைசி இலக்கம் மட்டும் சந்தேகம். கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கினால் கண்ணுக்குத் தெரியாததும் தெரிகிறது.

தலைப்பகுதியின் அடிவிளிம்பில் மூன்று பொடி முத்திரைகள். பிரிட்டிஷ் ஹால்மார்க் ஒரு சுருக்கெழுத்து மாதிரி. நடக்கிற சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது. நங்கூரம் என்றால் பர்மிங்காம். ஆங்கில எழுத்து ஒன்று வருஷத்தைக் குறிக்கும். 1784 முதல் 1890 வரை இவற்றோடு ராஜா அல்லது ராணியின் தலையும் இருக்கும். வரி கட்டியதற்கு அடையாளம். பிரெஞ்சு வெள்ளியில் மினர்வா தேவியின் தலை. அமெரிக்காவில் 'ஸ்டெர்லிங்' என்ற வார்த்தையே. நம் நாட்டில் வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் வந்ததே 2005-ல்தான். அதற்கு முந்தைய சாமான்களில் அதைத் தேட வேண்டாம். மாமி குழலில் சிங்கம் உண்டு, சிறுத்தை உண்டு, வருஷ எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. ராணி தலை இல்லை. ஆகவே பெரும்பாலும் 1890-க்குப் பிற்பட்டது.

மூன்றாவது கேள்வி, வேலை செய்யுமா. இதில்தான் நானே எதிர்பாராத ஒன்று வந்தது. ஃபோர்ட் கொச்சியில் தேவாலய இசைக்குழுவில் வாசிக்கிற என் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் தம்முடைய ஜப்பான் குழலை மாமியின் குழலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே அமைப்பு, ஒரே கடைசி ஸ்வரம். ஆனால் ஊதும் துளையிலிருந்து முனை வரை அளந்தால் மாமியின் குழல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை.

நண்பர் உதட்டைப் பிதுக்கினார். காரணம் இது. இன்று உலகம் முழுதும் வாத்தியக் கோஷ்டிகள் 'ஏ' என்ற ஸ்வரத்தை விநாடிக்கு 440 அதிர்வில் வைத்துக்கொள்கின்றன. 1939-ல் சர்வதேச மாநாட்டில் பேசி முடிவானது. பிரான்ஸில் 1859-லேயே 435 என்று சட்டம் போட்டார்கள். ஆனால் இங்கிலாந்தில், முக்கியமாக ராணுவ பாண்டுகளில், 1920-களின் கடைசி வரை சுமார் 452 என்ற உயர்ந்த சுருதி நடந்துவந்தது. 440-க்கும் 452-க்கும் நூற்றுக்கு 2.7 வித்தியாசம். குழலின் ஒலிநீளம் சுமார் 60 சென்டிமீட்டர், அதில் 2.7 சதவீதம் 1.6 சென்டிமீட்டர். கணக்கு அப்படியே பொருந்தியது. ஆகவே இது உயர் சுருதிக் குழல். 1890-க்குப் பின், 1920-களின் முடிவுக்கு முன் என்று இரண்டு பக்கமும் வரம்பு கட்டிவிடலாம். கூடவே, இன்றைய கோஷ்டி எதிலும் சேர்த்து வாசிக்க முடியாது என்பதும் நிச்சயமாகிவிட்டது. தலையை வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டலாமே என்றால், துளைகளின் இடைவெளி பழைய கணக்குப்படி இருக்கிறதே. ஒரு ஸ்வரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும்.

நம் கச்சேரிக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். சுருதி ஒரு தடையில்லை. தம்பூராவை எந்தச் சுருதிக்கும் கூட்டலாம். ஆனால் சரப சாஸ்திரிகள் காலத்திலிருந்து நம் குழல் மூங்கில்தான். வேணு என்ற வார்த்தைக்கே மூங்கில் என்றுதான் அர்த்தம். விரல் நேரே துளையின்மேல் இழைவதால்தான் கமகம் வருகிறது. மாலியின் குழலில் கேட்ட இழைவை இந்த மூடிகளுக்கு மேலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

வெள்ளி என்பதால் நாதம் உயர்ந்ததா என்பது மருமானின் கேள்வி. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1971-ல் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் குழல் செய்து, கண்ணுக்கு மறைவாக வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நாதத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற காற்றுத் தூணும், ஊதும் துளையின் விளிம்பும், ஊதுகிறவருமே. வித்வான்களில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் அனுபவத்தோடு நான் சண்டைக்குப் போகவில்லை. உலோகத்தின் விலை வேறு, நாதத்தின் விலை வேறு என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் லட்சம் லட்சமாகப் போனது எது? மருமான் பார்த்தது 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக பவல் செய்த பிளாட்டினக் குழலைப் பற்றிய செய்தி. 1986-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,87,000 டாலருக்குப் போனது. அது ஒரே ஒரு குழல். அதற்குக் கொடுத்த விலையை எல்லாக் குழலுக்கும் எதிர்பார்ப்பது, ஒரு ராஜா வீட்டு முத்துமாலையைப் பார்த்துவிட்டு நம் வீட்டு மணிமாலைக்கு விலை சொல்வது போல.

ஆனால் அதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டேடன் மில்லர் என்ற பௌதிகப் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் குழல்களைச் சேர்த்தார். 1941-ல் அவர் காலமானபின் சுமார் 1,700 குழல்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. அதில் ஒன்று 1813-ல் பாரிஸில் லோரான் செய்த கண்ணாடிக் குழல். அதன் வெள்ளிப் பூணில் ஜனாதிபதி மேடிசனின் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கின்றன. 2022-ல் லிசோ என்ற பாடகி அதை மேடையில் வாசித்தபோது உலகமே பார்த்தது. அந்தப் பூணை யாராவது எடைக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? எழுத்து இருந்ததால் அது மேடிசன் குழல். எனக்கு உடனே என் தகப்பனாரின் செம்பு ஞாபகம் வந்தது.

மாமியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "வெள்ளி நிஜம். செய்த பட்டறை பெரிய பட்டறை. ஆனால் சுருதி பழசு. மூடியெல்லாம் மாற்ற வேண்டும். அடிப்பகுதியில் ஒரு நசுங்கல். லட்சங்கள் வராது. உலோக விலைக்குக் கீழே கொடுப்பது முட்டாள்தனம். அதற்குமேல் எவ்வளவு என்பது, இதன் சரித்திரத்துக்கு ஆசைப்படுகிற ஆளைப் பொறுத்தது. அவர் அடுத்த வாரமே வருவார் என்று சொல்ல முடியாது." லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் ரடால் கார்டின் பழைய விற்பனைப் பேரேடுகள் இருக்கின்றன. எந்த எண், எந்த உலோகம், யாருக்கு விற்றது என்று குறித்து வைத்த பேரேடுகள். அங்கே எழுதிக் கேட்கலாம் என்று நண்பர் யோசனை சொன்னார். படங்களோடு எழுதியிருக்கிறோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உத்தியோக புத்தி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டத்தின்கீழ் வரும். நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய குழல் சிலவற்றில் தலைப்பகுதி யானைத் தந்தம்; தந்த வியாபாரம் நம் நாட்டில் குற்றம்.

ஒன்று மிச்சம். தலைப்பகுதியில் தக்கையைத் திரும்பப் பொருத்தியபின் நண்பர், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அதை மட்டும் எடுத்து ஊதினார். மூடி வேண்டாம், விசை வேண்டாம். தலை மட்டுமே ஒரு ஸ்வரம் கொடுக்கும். நீளமாக, சுத்தமாக வந்தது. உள்ளே காபி கலந்துகொண்டிருந்த மாமி டபராவோடு வெளியே வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. நண்பர் நிறுத்தியதும், "இன்னொரு தரம் ஊதுங்கோ" என்றார்.

மறுநாள் மாமி எனக்கு மறுபடியும் சொல்லி அனுப்பினார். கூடத்தில் இரண்டு வெள்ளித் தட்டு, ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, ஒரு குங்குமச்சிமிழ். சஷ்டியப்தபூர்த்திக்கு வந்தவை. "அண்ணா, நேத்து ராத்திரி நீங்க சொன்ன மாதிரி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தேன். சிமிழ்ல எங்கம்மா பேர் இருக்கு. அதை எடுத்து வச்சுட்டேன். மத்ததுல யார் பேரும் இல்லை. கடையில வாங்கினது கடைக்கே போகட்டும். இப்போ வாங்கோ, எடை பார்க்க" என்றார்.

போனேன். எடை சரியாகத்தான் போட்டார்கள். அந்தப் பணத்தோடு பிள்ளை அனுப்பியதும் சேர்ந்து, மழைக்கு நாலு நாள் முன்னால் கூரை வேலை முடிந்தது. குழல் பெட்டியிலேயே இருக்கிறது, விபூதி படாமல். லண்டனிலிருந்து பதில் வந்தபின் என்ன செய்வது என்று மாமி தீர்மானிப்பார். விற்றாலும் தவறில்லை, என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்பார்.

உங்கள் வீட்டில் வெள்ளிக் குழல் இருக்காது. ஆனால் கூஜா இருக்கும், பன்னீர்ச் செம்பு இருக்கும், பஞ்சபாத்திரம் இருக்கும், சந்தனக் கிண்ணம் இருக்கும். தயவுசெய்து ஐந்து காரியம் செய்யுங்கள். தேய்ப்பதற்கு முன் படம் எடுங்கள். அடியையும் உள்விளிம்பையும் பக்க வெளிச்சத்தில் பாருங்கள். பெட்டி, மூடி, சீட்டு எதையும் பிரிக்காமல் சேர்த்தே வையுங்கள். வந்த அன்றே யாருக்கும் விலை சொல்லாதீர்கள். வீட்டில் வயதானவர் யார் இருக்கிறாரோ அவரிடம், 'இது யாருது?' என்று கேட்டு எழுதி வையுங்கள். கடைசிக் காரியத்துக்குத்தான் அவசரம் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எதையாவது கொண்டுவந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன். தராசு இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது. கட்டணம் கிடையாது, காபி நாங்கள் கொடுப்போம்.